இந்த வருசம் குழாய் கட்டவில்லை, அண்ணே

என் ஆசை அண்ணே,

போன மாசம் உன் நினைவு நாள் வந்து போனது. மொட்டை மாடியில் குழாய் கட்டவில்லை. உனக்குப் பிடித்த பாட்டு ஒன்றுகூடப் போடவில்லை. உன் பேரை மைக்கில் சொல்லவில்லை. படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தோம். நீ எங்கிருந்து பார்த்தாலும் கோபம் வந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் மறந்துட்டீங்களா என்று கேட்டிருப்பாய். மறக்கவில்லை, அண்ணே. காரணம் இருக்கிறது. மைக்கில் சொல்ல முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன்.

நீ இருந்தவரை இந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் எதுவும் சத்தமில்லாமல் நடந்ததில்லை. காது குத்து, மஞ்சள் நீர், கல்யாணம், ஆடிக் கூழ், கால்பந்து மேட்ச், சாவு என்று எல்லாவற்றுக்கும் ஏழுமலை சவுண்டு சர்வீஸ்தான். அந்தக் கூம்பு ஸ்பீக்கர்களை நீ குழாய் என்பாய். உன்னால் எல்லாருக்கும் அது குழாயாகிவிட்டது. மற்ற மைக் செட்காரர்கள் ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ என்று டெஸ்ட் பண்ணுவார்கள். நீ மட்டும் குழாயைக் கட்டி முடித்ததும், "கலா, துன்ட்டியா? கலா, துன்ட்டியா?" என்று கேட்பாய். நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்பது எல்லா பிளாக்குக்கும் கேட்கும்.

பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேரும் அதையே கேட்பார்கள். எனக்கு மானம் போகும். உன்னோடு எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். இன்றைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற சில பெரிசுகள், ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டே "இன்னா கலா, துன்ட்டியா" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் போன பிறகு மிஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஏரியை மூடப் பார்க்கிறார்கள்.

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை நீயும் பார்த்திருக்கிறாய். நீ போன பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டுவிட்டது. தண்டையார்பேட்டை தாண்டி பாரிமுனை போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஹார்பருக்கு வருகிற கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி வைக்க இடம் வேண்டுமாம். ஒரு கம்பெனி நம்ம குடியிருப்புக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டிருக்கிறது. நாம் ஏரி என்கிறோம். அவர்கள் பிளானில் அதற்குப் பேர் காலி இடம்.

கல்யாண மண்டபத்தில் ஊர்க்காரர்களுக்கு என்று ஒரு கூட்டம் போட்டார்கள். டீயும் சமோசாவும் கொடுத்து, திரையில் படம் காட்டினார்கள். படத்தில் நம்ம பிளாக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. ஏரி இருந்த இடத்தில் நீலத்திலும் சிவப்பிலும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தார்கள். ஏரியில் திரிகிற நம்ம நீலக்கோழிக்கும் அதே நிறந்தானே, உடம்பு நீலம், மூக்கும் காலும் சிவப்பு.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தனசேகர் அண்ணன் பேச எழுந்தார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், உன்னோடு வாடகைக்குச் சண்டை போட்டுவிட்டு உன்னோடே டீ குடிப்பாரே, அவர்தான். "அது காலி இடம் கெடையாது சார், பறவைங்க குடியிருக்குற எடம்" என்று ஆரம்பித்ததும் மைக் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பக்கத்தில் அண்ணி. உன் பொண்டாட்டி ஆயிற்றே, தெரியாமல் போகுமா?

"ஒயரு போவல கலா. சுச்ச அமுக்கிட்டான்" என்றார்.

அண்ணியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போனதும் சவுண்டு சர்வீஸை விற்றுவிடச் சொல்லி வராத ஆள் இல்லை. பொம்பளை எப்படி ஏணி ஏறுவாள் என்றார்கள். அண்ணி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினார். இப்போது இந்த வட்டாரத்தில் வியாசர்பாடி வரைக்கும் அண்ணியுடைய செட்தான். மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே போய்க் கட்டிவிட்டு வருகிறார். போர்டில் இன்னும் உன் பேர்தான் இருக்கிறது.

ஹார்பர் ஓரத்துக் குடிசையைக் காலி பண்ணி நம்மை லாரியில் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்குமே. பின்பக்கம் ஆள் உயரத்துக்குச் சம்புப் புல். அதற்குள்ளிருந்து ஒரு நீலக்கோழி நடந்து வந்து, நம்ம பானை சட்டியை எல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அம்மா அதை யாரோ வளர்க்கிற கோழி என்று நினைத்து, யார் வூட்டுக் கோழி என்று பிளாக் பிளாக்காகக் கேட்டுக்கொண்டு போனாள். அது அதனுடைய வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தது, நாம்தான் புதுசாக வந்து இறங்கியிருந்தோம் என்பது அம்மாவுக்குப் புரிய ரெண்டு நாள் ஆனது. நாம் வந்ததும் அதுகள் கொஞ்சம் தள்ளிப் போய் இடம் கொடுத்தன. அதற்கப்புறம் இட்லித் துண்டுக்கும் சோற்றுப் பருக்கைக்கும் பின்வாசல் வரை வந்து போகிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டன.

நீ மட்டும் அதுகளை மதித்ததே இல்லை. நீ மைக் டெஸ்ட் பண்ணும்போது சம்புக்குள்ளிருந்து அதுகள் கத்தினால், "எனுக்கே எசப்பாட்டா?" என்று ஒரு குழாயை ஏரிப் பக்கம் திருப்பி வைப்பாய். உன் காசெட் அலறலுக்குக் கொக்கும் நாரையும் எழுந்து போகும். பாட்டு முடிந்தால் வந்து உட்காரும். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அப்படித்தான். மோளமும் வெடியும் ஏரிக்கரையைத் தாண்டும்போது அத்தனையும் எழுந்து, வானத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. நான் அழுதுகொண்டே மேலே பார்த்தேன். எல்லாம் முடித்துத் தலை முழுகிவிட்டு வந்து பார்த்தால், பழையபடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

மைக்கை அமுக்கினாலும் தனசேகர் அண்ணன் அடங்கவில்லை. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, என் கடையில் காப்பி எடுத்து, தெரிந்த ஆபீஸ் தெரியாத ஆபீஸ் எல்லாவற்றுக்கும் மனு போட்டார். கடைசியில் ஒரு ஆபீசிலிருந்து பதில் வந்தது. பறவைகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள், எங்கள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அவர் பார்த்து எழுதுவதை வைத்துத்தான் மேற்கொண்டு யோசிக்க முடியும் என்றார்கள். வருகிற நாளையும் சொல்லியிருந்தார்கள்.

அவ்வளவுதான், குடியிருப்புக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. நம்ம ஆளுங்களை உனக்குத் தெரியாதா? போலீசையும் கரண்ட் கட் பண்ணுகிற ஆளையும் விட்டால் நம்மைத் தேடி எந்த அதிகாரி வந்திருக்கிறார்? அதுவும் இவர் நம்ம பேச்சை நம்பி வருகிறார். மண்டபத்துக் கூட்டத்தில் கம்பெனிக்காரர் நம்ம ஏரியைப் பற்றிச் சாக்கடை, குப்பை, கொசு என்று மூன்று வார்த்தையில் முடித்துவிட்டாரே, அது வேறு எல்லார் மனசிலும் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. கலீஜான ஜனம் என்று அந்த அதிகாரியும் நினைத்துவிடக் கூடாது. அதனால் ஏரியைச் சுத்தம் செய்யக் கிளம்பினோம்.

பிளாஸ்டிக் கவர், பழைய டயர், உடைந்த பீங்கான் எல்லாம் வாரினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சம்பு காடாய்க் கிடக்கிறது, பார்க்க நன்றாக இல்லை என்று யாரோ சொன்னார்கள். அரிவாள் வந்தது. கரை நீளத்துக்கும் வெட்டிச் சாய்த்து, காய்ந்ததைக் கொளுத்தினோம். ரயில் தண்டவாளத்துப் பக்கம் சேறு ஆழம் என்பதால் அங்கே மட்டும் யாரும் இறங்கவில்லை. மிச்சமெல்லாம் மொட்டை. தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. மந்திரி வருகிற ரோட்டில் போடுவது போல் கரையோரம் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டோம். பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம், அண்ணே. நானும்தான்.

அவர் வந்த அன்று வாசலில் வாழை மரம், வரவேற்பு வளைவு, வியாசர்பாடியிலிருந்து டிரம் செட். அண்ணி வாடகை வாங்காமல் செட் போட்டார். ஜீப் திரும்புகிறபோதே பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். புகை அடங்கியதும் ஒரு அம்மா இறங்கினார். கழுத்தில் பைனாகுலர். அதற்கு மேல் மாலையைப் போட்டு, அதற்கு மேல் சால்வையும் போர்த்தினோம். நம்ம கொக்கு, நாரை, நீர்க்காக்காய் எல்லாம் ஒன்றாக எழுந்தன. மேடத்துக்கு மரியாதை செய்ய எழுந்து நிற்பது மாதிரி ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பிறகு அப்படியே மணலிப் பக்கம் போய்விட்டன.

அந்த அம்மா பைனாகுலரை எடுத்து, மொட்டைத் தண்ணீரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பறவைகள் எங்கே என்று கேட்டார்.

"இங்கதான் மேடம் இருந்துச்சு. உங்களுக்கோசரம்தான் எல்லாத்தியும் க்ளீன் பண்ணோம்" என்றார் தனசேகர் அண்ணன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவருக்கே கேட்டது. அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. தூரத்தில் நின்றிருந்த கம்பெனி ஆட்கள் மட்டும் சிரித்தார்கள். வெறும் தண்ணீரை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டிரம் செட்காரர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இன்னொரு சுற்று அடித்தார்கள்.

அந்த அம்மா நல்ல மனுஷி. நம்மைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த கலர் சோடாவை வாங்கிக் குடித்தார். நீலக்கோழி சம்புக்குள்தான் கூடு கட்டும், இது முட்டையிடுகிற காலம் என்றார். இதைச் சொல்ல அவர் ஆபீசிலிருந்து வர வேண்டுமா? தினம் பார்க்கிற நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விருந்தாளி வருகிறார் என்றால் நமக்குக் கண் மண் தெரிவதில்லை.

போகும்போது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நான் எதப் பாக்கறேனோ அததான் எழுத முடியும். இன்னிக்கு எழுதினா ஒண்ணுமில்லன்னுதான் எழுதணும். அதனால இன்னிக்கு எழுதல. இன்னொரு தடவை வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் கூடினோம். யார் முதலில் சம்பை வெட்டச் சொன்னது என்று சண்டை ஆரம்பித்தது. அப்போதுதான் உன் சாவு ஊர்வலத்தைப் பற்றி நான் சொன்னேன். சத்தத்துக்குப் பறந்தவை அன்றைக்கு ராத்திரிக்குள் திரும்பின, ஏனென்றால் அப்போது சம்பு இருந்தது, இப்போது எங்கே வந்து உட்காரும் என்று கேட்டேன். மழைத் தண்ணீர் பட்டால் சம்பு மறுபடி வளர்ந்துவிடும். அதுவரை ஏரியில் யாரும் இறங்கக் கூடாது. பயந்து போனது திரும்பி வர வேண்டுமென்றால் சத்தமும் கூடாது. மைக் இல்லை, வெடி இல்லை, மோளம் இல்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். அந்த அம்மா வருகிற வரைக்கும் என்றேன். எப்போது வருவார்? தெரியாது. அடுத்த நாள் ஆடி பிறந்தது.

யோசித்துப் பார். நம்ம குடியிருப்பில், ஆடி மாசத்தில், சத்தம் கூடாது. ஒத்துக்கொண்டார்கள் என்றால் நம்புவாயா? முணுமுணுத்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லார் பார்வையும் அண்ணி மேல் இருந்தது. ஆடிதான் வருசத்துக்கே அண்ணிக்குச் சோறு போடுகிற மாசம். நம்ம கோயில் திருவிழாவில்தான் செட் முழுசாக வேலை செய்யும். அண்ணி எழுந்து போய்க் குழாய்களை எல்லாம் கழற்றி, மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்து, சாக்கால் மூடினார்.

கம்பெனிக்காரர்களுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் ரெண்டு பேர் பழத்தட்டோடு அண்ணியைப் பார்க்க வந்தார்கள். நானும் இருந்தேன். உங்கள் கோயில் திருவிழாவை இந்த வருசம் நாங்கள் சிறப்பாக நடத்திக் கொடுக்கிறோம், ஆர்கெஸ்ட்ரா வைக்கிறோம், மாசம் முழுக்க ஏரிக்கரையில் உங்கள் செட்தான் பாட வேண்டும், கேட்கிற வாடகை தருகிறோம் என்றார்கள். அண்ணி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். உன் படத்தை ஒரு தரம் பார்த்தார். ஒத்துக்கொண்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், அண்ணே. தனியாக ஒரு வீட்டை இழுப்பது என்னவென்று எனக்கும் தெரியும்.

"நீ கேக்கறது பாட்டு இல்லபா. சத்தம்" என்றார் அண்ணி. "அது என்னாண்ட நெறைய கீது. ஆனா உனுக்குக் கெடையாது."

பழத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாசம் ராயபுரம், வியாசர்பாடி என்று எங்கெங்கோ சின்னச் சின்னக் கோயிலாகத் தேடிப் போய்க் கட்டிவிட்டு, வந்ததும் குழாய்களை மறுபடி கவிழ்த்து மூடிவைத்தார். உடம்பு இளைத்துவிட்டது. நான் கேட்டால் வெயில் என்பார்.

சத்தமில்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய பேஜாரு என்று டி பிளாக் கோவிந்தன் அண்ணன் செத்தபோதுதான் தெரிந்தது. ஹார்பரில் மூட்டை தூக்கினவர், நம்ம டீமுக்கு கோல் கீப்பராக நின்றவர். அவர் வீட்டு வாசலில் மோளக்காரர்கள் வந்து பறையைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். சாவு வீட்டில் போய் அடிக்காதே என்று எந்த வாய் சொல்லும்? தனசேகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன். போனால் போகிறது, இவரைவிட ஏரி பெருசா என்றுகூட நினைத்துவிட்டேன்.

அவர் சம்சாரம் ருக்குமணி அக்கா அழுதுகொண்டிருந்தவர், தலையைத் தூக்கி மோளக்காரரைக் கூப்பிட்டார். "அடிங்க. நல்லா அடிங்க. ஆனா இங்க வோணாம். மெயின் ரோட்டாண்ட போயி நில்லுங்க. அவுரு அங்க வருவாரு."

அவரைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாகப் போனோம். காலடிச் சத்தமும் ருக்குமணி அக்காவின் அழுகையும்தான். மோளமில்லாத சாவை நான் பார்த்ததே இல்லை. கூட வந்த ஆம்பளைகள் கையைக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தார்கள். மெயின் ரோட்டைத் தொட்டதும் காத்திருந்தவர்கள் அடித்தார்கள் பார், அப்படி ஒரு அடி. டிரெய்லர்கள் எல்லாம் நின்றுவிட்டன. அதுவரை அடக்கிவைத்திருந்த அத்தனை பேரும் அங்கே நின்று ஆடினார்கள், அழுதார்கள். நான் உனக்கும் சேர்த்து அழுதேன்.

அதற்கப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை. ருக்குமணி அக்கா செய்ததை விடவா நமக்குக் கஷ்டம் என்று ஆகிவிட்டது. நாகாத்தம்மன் திருவிழாவும் அப்படியே நடந்தது. பம்பைக்காரர் பம்பையைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, உடுக்கையை மட்டும் விரல் நுனியால் தட்டி, வாய்க்குள்ளேயே அம்மனை வர்ணித்தார். சத்தமில்லாமல் சாமி வருமா என்று எல்லாருக்கும் சந்தேகம். தனசேகர் அண்ணன் வீட்டுக்காரம்மாவுக்கு வந்தது. கூழ் வேணும் என்று கேட்டது. அதுவும் மெல்லமாகத்தான் கேட்டது. அவர் உரக்கப் பேசாமல் நாங்கள் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஆடி நடுவில் நல்ல மழை. சம்பு குச்சி குச்சியாக எழும்ப ஆரம்பித்தது. முதலில் கொக்கு வந்தது. நீர்க்காக்காய் வந்து பழைய கம்பத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. நீலக்கோழியை மட்டும் காணவில்லை. அதுதான் எங்களுக்கு வேண்டும். தினம் கடையைத் திறப்பதற்கு முன் போய்க் கரையில் நிற்பேன். கொளுத்தினோமே, உள்ளே முட்டை இருந்திருக்குமோ என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. யாரோடும் அதைப் பேசவில்லை. பேசாமலே எல்லாருக்கும் அந்த நினைப்பு இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அப்படி இருக்கும்போதுதான் உன் நாள் வந்தது. காலையில் அண்ணியும் நானும் மொட்டை மாடிக்குப் போனோம். குழாய் நாலும் சாக்குக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றே ஒன்று போடலாமா, மெல்லமாக வைத்துக் கேட்கலாமா என்று எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது. அண்ணி குழாய்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அதுதான் வந்திருக்கும். ரெண்டு பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தண்டவாளத்துப் பக்கத்துச் சம்புக்குள்ளிருந்து அந்தக் கரகரத்த சத்தம் கேட்டது, அண்ணே. இத்தனை வருசம் உன் பாட்டுக்கு நடுவில் கேட்ட அதே சத்தம். கொஞ்ச நேரத்தில் சிவப்புக் காலை நிதானமாகத் தூக்கி வைத்து ஒன்று வெளியே வந்தது. பின்னாலேயே கன்னங்கரேலென்று குஞ்சுகள். நாங்கள் வெட்டாமல் விட்ட அந்த மூலையில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

"உங்க அண்ணன் இத்தக் கேட்டா இன்னா சொல்லும் கலா?" என்றார் அண்ணி.

"எனுக்கே எசப்பாட்டான்னு கேக்கும்" என்றேன்.

அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ போன அன்று அழுததற்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். இதுதான் உன் நினைவு நாள் நடந்த கதை. இப்போது கோபப்படுவாயா?

சினிமாவாக இருந்தால் அந்த அம்மா அந்த நேரம் பார்த்து வந்து இறங்கியிருப்பார். வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணி லாரி வந்து எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது, குடை பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். நான் கடையில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தாராம், போட்டோ எடுத்தாராம், எழுதினாராம். இந்த ஸ்பீக்கரெல்லாம் ஏன் கவிழ்ந்து கிடக்கிறது என்று கேட்டதற்கு, "ரெஸ்ட்டு மேடம்" என்றாராம் உன் பொண்டாட்டி. திரும்பும்போது அந்த அம்மா என் கடையில் நின்று தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "எழுதறேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. அவர் எழுதியது ஒரு அறிக்கைதான். கம்பெனியும் தன் பங்குக்கு ஆள் வைத்து ஒன்று எழுதி வைத்திருக்கிறதாம். அந்த மொட்டைத் தண்ணீர் போட்டோ எல்லாம் அதில் இருக்கிறதாம். அடுத்த மாசம் அதே கல்யாண மண்டபத்தில் பெரிய அதிகாரிகள் எல்லாரும் வந்து கருத்துக் கேட்கப்போகிறார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம் என்கிறார்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

இந்தத் தடவை அண்ணி நம்ம செட்டைக் கொண்டு வருகிறார். மண்டபத்துக் கரண்டும் வேண்டாமாம், பேட்டரியில் ஓடுமாம். தனசேகர் அண்ணன் முறைப்படி கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். "அவன் மைக்க அவன் அமுக்குவான். நம்ம மைக்க எவன் அமுக்குவான்?" என்று ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார் அண்ணி. ருக்குமணி அக்காவும் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முதலில் யார் என்று கேட்டதற்கு எல்லாரும் என்னைக் காட்டிவிட்டார்கள்.

இந்த ஏரியாவில் மைக்கில் என் பேர் வந்த அளவுக்கு வேறு யார் பேரும் வந்ததில்லை. நான் மட்டும் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பேசுவேன். சம்பை வெட்டியதையும் சொல்வேன், மறைக்க மாட்டேன். அது வளர்ந்ததையும் சொல்வேன். நாங்கள் மோளமில்லாமல் ஒருவரை அனுப்பி வைத்தோம், பாட்டில்லாமல் சாமி கும்பிட்டோம், அது காலி இடமாக இருந்தால் யாருக்காக இதைச் செய்தோம் என்று கேட்பேன். அவர்கள் பதில் சொல்கிற வரைக்கும் அந்த மைக்கைக் கீழே வைக்க மாட்டேன். அன்றைக்கு இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த விசேஷத்துக்குக் கட்டினாலும், இனிமேல் நம்ம குழாய் ஏரிப் பக்கம் திரும்பாது. அண்ணியும் சரி என்றுவிட்டார். அன்றைக்கு மண்டபத்தில் நான்தான் மைக் டெஸ்ட் பண்ணப்போகிறேன். ஹலோ சொல்ல மாட்டேன், ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டேன். பெரிய அதிகாரிகள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கட்டும். "ஏழுமலை அண்ணே, துன்ட்டியா?" என்றுதான் கேட்பேன்.

நான் சாப்பிட்டுவிட்டேன், அண்ணே.

உன் தங்கச்சி,
கலா